ஆட்காட்டி

2017 மே மாதம். கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை. அயப்பாக்கம் ஏரிக்குப் பின்னால், பிளாட் போட்டுக் கல் நட்டு, யாரும் வீடு கட்டாமல் கிடந்த ஒரு பொட்டலில் குப்புறப் படுத்திருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். முழங்கைக்குக் கீழே ஒரு கோணி, கையில் 150-600 டாம்ரான் லென்ஸ். எதிரே எட்டு மீட்டர் தள்ளி, ஜல்லிக்கு நடுவே நான்கு முட்டைகள். கூடு என்று சொல்ல அங்கே எதுவும் கிடையாது. சின்னப் பள்ளம், அதைச் சுற்றிக் கொஞ்சம் பொடிக் கல், அவ்வளவுதான். முட்டையும் மண் நிறம், மேலே கருந்திட்டுகள். முந்தின நாளே இடத்தைக் குறித்து வைத்திருக்காவிட்டால் மிதித்தே இருப்பேன்.

முட்டைக்குச் சொந்தக்காரர்கள் இருவரும் என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆட்காட்டிகள். கண்ணுக்கு முன்னால் சிவப்பு மடிப்பு, மஞ்சள் கால், கறுப்பு நெஞ்சு. இந்தப் பறவையின் குரல் ‘டிட் ஹி டூ இட்’ என்று கேட்டதாக வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் குரலை விட்டுவிட்டு வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். ஆள் வந்தால் ஊருக்கே காட்டிக்கொடுக்கும், அதனால் ஆட்காட்டி. (கேமரா பட்டனை அழுத்துகிற விரலுக்கும் ஏறக்குறைய அதே பெயர்தான். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.)

அறுநூறு எம்எம் லென்ஸ் வைத்துக்கொண்டு எட்டு மீட்டருக்கு ஏன் போனேன் என்று கேட்கலாம். முதலில் முப்பது மீட்டரில்தான் இருந்தேன். படம் எல்லாம் சொதசொதவென்று வந்தது. தரை கொதித்து, அதன் மேலே இருக்கிற காற்று நெளிகிறது. கானல். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் இடையில் கானல் இருந்தால் இறகு தனித்தனியாகத் தெரியாது. அதற்கு ஒரே வழி கிட்டப் போவது. போனேன்.

ஆடு மேய்க்கிற ஒரு ஆயா வரப்பு மாதிரி இருந்த மண்மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தம்பி பண்ற அங்க?”

“போட்டோ ஆயா. குருவி போட்டோ.”

“அது உன்ன பாத்துதான் எறங்க மாட்டேங்குது. எந்திரிச்சி வா. வெயில்ல முட்ட அவிஞ்சி பூடும்.”

“தோ, அஞ்சு நிமிஷம் ஆயா.”

அஞ்சு நிமிஷம் என்பது நாற்பது நிமிஷம் ஆனது. கடைசியில் ஒரு பறவை ஏரிப் பக்கம் போய்விட்டு வந்து, என்னைப் பார்த்தபடியே தயங்கித் தயங்கி நடந்து, முட்டைகளுக்கு மேலே நின்றது. வயிற்று இறகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்காட்டி அப்படிச் செய்யும். வெயில் காலத்தில் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். அந்தச் சொட்டு விழுகிற நொடி எனக்குக் கிடைத்தது. அன்று ராத்திரியே ‘தாய்மை’ என்று தலைப்புப் போட்டு ஏற்றினேன். அதற்கு முன்னும் பின்னும் என் படம் எதற்கும் அவ்வளவு லைக் விழுந்ததில்லை. ஆட்காட்டியில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அது அப்பாவாகவும் இருந்திருக்கலாம்.

முட்டை பொரிய நான்கு வாரம் ஆகும். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் தூரத்திலிருந்து போய்ப் பார்த்தேன். இரண்டாவது வாரம் பறவைகள் இருந்தன. மூன்றாவது வாரம் இல்லை, முட்டைகள் மட்டும் அப்படியே கிடந்தன. அதற்கடுத்த வாரம் முட்டையும் இல்லை. நாயோ கீரியோ எடுத்திருக்கும். நான்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பறவை முட்டைக்குள் இருக்கும் கருவைக் குளிரைவிட வெப்பம் சீக்கிரம் கொல்லும் என்பதும், நான் கணக்கில்லாமல் நாற்பது நிமிஷம் அந்த முட்டைகளை வெயிலில் விட்டேன் என்பதும் மட்டும் உறுதி. கிட்டப் போக வைத்த கானலும் முட்டையைச் சுட்ட வெயிலும் ஒன்றேதான்.

எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் ரூட் காஸ் அனாலிசிஸ் என்று ஒன்று எழுதுவார்கள். யார் தப்பு என்று கேட்கக் கூடாது, எப்படி இந்த இடத்துக்கு வந்தோம் என்றுதான் கேட்க வேண்டும். எனக்கு அந்த வழக்கம்தான் வந்தது. பறவையைப் படமெடுக்க வந்தவர்கள் எல்லாரும் ஏன் கூட்டுக்குப் போய் நிற்கிறோம்? இதை யார் ஆரம்பித்தது?

*

ஆரம்பித்தவர்கள் என்று சொல்ல ஓரளவு நியாயம் உள்ளவர்கள் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள். யார்க்‌ஷர் விவசாயக் குடும்பம். ரிச்சர்ட் எழுதுவார், தம்பி செர்ரி படமெடுப்பார். 1892இல் முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தார்கள். 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றி, முழுக்கப் புகைப்படங்களையே வைத்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். பறவைகள் பயப்படாமல் இருக்க அவர்கள் செய்த வேடங்கள் ஒரு தனிக் கதை. 1900 வாக்கில் ஒரு மாட்டுத் தோலுக்குள் சட்டம் வைத்துப் பொய்மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்து நின்றார்கள். நம் பொய்க்கால் குதிரையின் தாயாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆள் உள்ளே இருக்கும்போதே மாடு கவிழ்ந்துவிட்டது. அந்தக் கோலத்துக்கும் ஒரு படம் இருக்கிறது.

கூட்டுக்கு ஏன் போனார்கள் என்பதற்கு அவர்களிடம் நல்ல பதில் இருந்தது. கண்ணாடித் தகட்டுக் கேமரா. ஒரு படம் எடுத்தால் தகட்டை மாற்ற வேண்டும். ஃபோகஸ் செய்ய நேரம் ஆகும். வெளிச்சம் போதாமல் பறவை அசைந்தால் படம் கலங்கும். இந்த வசதியை வைத்துக்கொண்டு பறக்கிற பறவையைத் துரத்த முடியாது. பறவை கட்டாயம் திரும்பி வருகிற இடம் ஒன்று வேண்டும். உலகத்தில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான் உண்டு. முன்கூட்டியே அங்கே ஃபோகஸ் செய்துவிட்டு, மறைவிடம் போட்டு, குறுக்கே வரும் கிளையை ஒதுக்கிக் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். கூடு என்பது அவர்களுக்குக் கேமராவின் போதாமைக்கு ஒரு தீர்வு.

இந்தியாவிலும் நெடுங்காலம் அதே கதைதான். சிங்கப்பூர் கேத்தே சினிமா நிறுவனத்தின் முதலாளி லோக் வான் தோ, இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரிலிருந்து தப்பி பம்பாய் வந்து சாலிம் அலிக்கு நண்பரானவர். அவரோடு கட்ச், காஷ்மீர் என்று அலைந்து எடுத்த பறவைப் படங்களில் பெரும்பகுதி கூட்டுப் படங்கள். மரத்தின் உயரத்துக்கு மேடை கட்டிக்கொண்டு எடுப்பார். 1957இல் அவருடைய ‘எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ வந்தது. 1964இல் தைவானில் விமான விபத்தில் இறந்துபோனார். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள், அவரோடு சேர்ந்து சொல்லப்படும் ஹனுமந்த ராவ் ஆகியோர் வரைக்கும் இந்த மரபு நீள்கிறது. இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை. எந்தப் பறவை குஞ்சுக்கு என்ன ஊட்டுகிறது, ஆண் எத்தனை முறை வருகிறது என்பதில் பாதி, மறைவிடத்துக்குள் முதுகு வலிக்க உட்கார்ந்த மனிதர்கள் பார்த்துச் சொன்னது.

புலி விஷயத்தில் வேறு வழி பிடித்தவர் எஃப்.டபிள்யு. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரி. துப்பாக்கி எடுக்காத அதிகாரி என்பதே அந்தக் காலத்தில் அதிசயம். காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலியே கால் வைத்து ஃபிளாஷைத் தட்டிவிடுகிற மாதிரி அமைத்துவிட்டுப் போய்விடுவார். 1927இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. இன்றைக்குப் புலிக் கணக்கெடுப்பில் வைக்கிற கேமராக்களுக்கு அதுதான் பாட்டன். சாம்பியனின் படத்தில் எனக்குப் பிடித்த விஷயம், படம் எடுக்கப்படும்போது படமெடுப்பவர் அங்கே இல்லை என்பது.

*

அப்புறம்தான் மா. கிருஷ்ணனிடம் வந்து சேர்ந்தேன். அதுவும் நேராக இல்லை. சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ வழியாக, அதாவது தமிழ் எழுத்தாளராக. அவர் புகைப்படக்காரர் என்பது பின்னால்தான் தெரிந்தது.

1912இல் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. பதின்மூன்று வயதில் அப்பா போய்விட்டார். மாநிலக் கல்லூரியில் தாவரவியல். பிறகு கர்நாடகப் பக்கம் சண்டூர் சமஸ்தானத்தில் வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசியல் செயலாளர் என்று கிடைத்த நாற்காலியில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னை திரும்பி, எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், பெருங்குளம் ஹவுஸ் என்ற வீட்டில் தங்கிவிட்டார். அதன் பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை. எழுத்து, படம், இரண்டே. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950இல் தொடங்கிய ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தி, 1996 பிப்ரவரி 18 அன்று அவர் இறக்கும்வரை, 46 வருஷம் வந்தது. மாதச் சம்பளக்காரனான எனக்கு இந்த வரியை எழுதும்போதே வயிறு கலங்குகிறது.

அவருடைய கேமராவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அவரே பெயர் வைத்திருந்தார். உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, இடையில் இருக்கிற நெம்புகோல்களும் இணைப்புகளும் சொந்தத் தயாரிப்பு. அசாம் தேயிலைத் தோட்டக்காரரும் படக்காரருமான ஈ.பி. கீ இந்த வஸ்துவை நேரில் பார்த்துவிட்டு, கயிறும் கம்பியும்கூட அதில் இருந்திருக்கலாம் என்கிற தொனியில் எழுதியிருக்கிறார். இறக்குமதிக்கு ஆயிரம் தடைகள் இருந்த காலம், கையில் பெரிய பணமும் கிடையாது. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். “நம்மகிட்ட வந்திருந்தா ஒரு அடாப்டர் கடைஞ்சு குடுத்திருக்கலாமே, கயிறு எதுக்கு” என்றார். கிருஷ்ணன் வந்திருந்தால் இருவருக்கும் நன்றாகப் பேச்சு ஓடியிருக்கும், சண்டையும் வந்திருக்கும்.

நடந்தோ யானை மேல் உட்கார்ந்தோதான் எடுப்பார். முதுமலையில் கும்கி மேல் போனால் காட்டு மிருகங்களுக்கு அவர் ஒரு ஆள் என்றே தோன்றாது. கறுப்பு வெள்ளைதான், கழுவுவதும் பிரின்ட் போடுவதும் அவரே. 1968இல் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தபோது தென்னிந்தியத் தீபகற்பம் முழுக்கப் பெரிய பாலூட்டிகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975இல் அதை வெளியிட்டது. படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தது அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2006இல், ‘ஐ இன் தி ஜங்கிள்’ என்று.

அந்தப் புத்தகத்தை முதலில் புரட்டியபோது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் ஏமாற்றம். யானை இருக்கிறது, ஆனால் பக்கம் முழுக்க யானை இல்லை. மரம் இருக்கிறது, புல் இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு யானை பாதி மறைந்து நிற்கிறது. பின்னணியை வெண்ணெய் மாதிரி உருக்கிவிட்டு, கண்ணில் மட்டும் ஊசி முனை ஃபோகஸ் வைத்துப் பழகிய என் தலைமுறைக்கு இது பழைய படம். இரண்டாவது தடவை புரட்டும்போதுதான் வேறு ஒன்று பட்டது. அந்த மிருகங்கள் எதுவும் படமெடுப்பவரைப் பொருட்படுத்தவில்லை. அவை பாட்டுக்கு மேய்கின்றன, நிற்கின்றன, போகின்றன. என் ஆட்காட்டிப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இறகு ஒவ்வொன்றும் எண்ணலாம். ஆனால் பறவையின் கண் நேராக என்னைப் பார்க்கிறது. கழுத்து நீண்டு, உடம்பு இறுகி, எந்த நிமிஷமும் பறந்துவிடுகிற நிலை. ‘தாய்மை’ என்று நான் பெயர் வைத்தது பயத்துக்கு.

கிருஷ்ணனைப் புனிதராக்க இதைச் சொல்லவில்லை. வாய்த்துடுக்கானவர், பிடிவாதக்காரர் என்று அவரைத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் எட்டி நின்றதற்குக் கொள்கை மட்டும் காரணம் இல்லை, கயிறும் கம்பியும் போட்ட கேமராவும் காரணம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் வரிசையிலிருந்து விலகி நிற்கிறார். மிருகத்தை அது இருக்கிற இடத்திலிருந்து வெட்டி எடுத்தால்தான் படம் என்று அவர் நினைக்கவே இல்லை. எழுத்திலும் அப்படித்தான். காக்கை, பல்லி, மைனா என்று வீட்டைச் சுற்றி இருப்பவற்றைப் பற்றி எத்தனை பத்திகள்! படம் இல்லாவிட்டால் பேனாவால் வரைந்து அனுப்பிவிடுவார்.

எட்டி நிற்கிற வழக்கம் நம் பக்கத்தில் அவருக்கு முன்னாலும் இருந்தது. வேடந்தாங்கலில் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாக ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1790களின் கடைசியில் பாதுகாப்பு வாங்கியதாகச் சொல்வார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. இன்றும் அங்கே ஆயிரக்கணக்கான கூடுகளைக் கரையில் நின்றுதான் பார்க்கிறோம். நடுவில் தண்ணீர் இருக்கிறது.

*

அயப்பாக்கம் பொட்டலில் தண்ணீர் இல்லை, கலெக்டர் இல்லை. நான் இருந்தேன்.

2014 வாக்கில் அந்த 150-600 லென்ஸ் லட்ச ரூபாய் அளவில் சந்தைக்கு வந்தது. அதுவரை அறுநூறு எம்எம் என்றால் கார் விலை. எங்களைப் போன்ற ஐடி பசங்களின் போனஸுக்கு எட்டுகிற விலைக்கு முதல் முறையாக வந்தது. இரண்டே வருஷத்தில் கொரட்டூர் ஏரிக்கரை, பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பச்சை நிறச் சட்டை போட்ட நாலு பேர். நல்லதும் நடந்தது. கொரட்டூர் ஏரியில் கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் இருப்பது பல பேருக்கு அந்தப் படங்களால்தான் தெரிந்தது. கழிவுநீர் கலப்பதைப் பற்றிப் பேசும்போது கையில் ஒரு சாட்சி இருந்தது. கூடவே வாட்ஸப் குழுவில் ‘லொகேஷன் ப்ளீஸ்’ வந்தது. ஒரு கூட்டின் இடம் ராத்திரி போனால், காலையில் பதினைந்து பேர் நிற்பார்கள். போனில் பறவைக் குரலைப் போட்டு இன்னொரு பறவையை வரவழைப்பதும் அப்போதுதான் சகஜமானது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று உண்டு. கியர்ட்டன்களின் கேமரா போதாமை இப்போது இல்லை. என் கேமரா நாற்பது மீட்டரில் பறக்கிற பஞ்சுருட்டானின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும். கூட்டுக்குப் போக வேண்டிய தேவையே கிடையாது. ஆனாலும் போகிறோம். பழைய சாஃப்ட்வேரில் யாரோ எப்போதோ ஏதோ காரணத்துக்காக எழுதிய ஒரு வரி இருக்கும். காரணம் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். அழித்தால் என்ன ஆகுமோ என்று யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். கூட்டுப் படம் அந்த மாதிரி ஒரு வரி.

1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்து பார்த்தேன். ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு அதில் இருக்கிற விளக்கம் நீளமானது. கொல்வது, பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது. அந்த வரிசையிலேயே, பறவைகளின் முட்டையை, கூட்டைத் தொந்தரவு செய்வதும் வேட்டை என்று இருக்கிறது. இப்போது பல போட்டிகள் கூட்டுப் படங்களை வாங்குவதில்லை. 2017இல் எனக்கு இது எதுவும் தெரியாது என்று சொல்லலாம்தான். ஆனால் ஆயா சொன்னார். அதைவிட முன்னால் ஆட்காட்டி சொன்னது.

அந்தப் படத்தைப் பொதுவில் இருந்து எடுத்துவிட்டேன். ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, அழிக்கவில்லை. அழித்தால் நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். அல்லது, நேர்மையாகச் சொன்னால், நல்ல படம்.

பொட்டலில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. போன கோடையில் ஆபீஸில் என்னோடு வேலை செய்கிற ஒரு பையன் புது லென்ஸ் வாங்கியிருந்தான். பருத்திப்பட்டு ஏரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரித்தான். ஆறு மணிக்கே போய்விட்டோம். பூங்காப் பக்கம் நடைப்பயிற்சிக் கூட்டம், அதனால் மறுபக்கக் கரை. சேறு காய்ந்த திட்டு ஒன்றைத் தாண்டும்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. ஒன்று, உடனே இன்னொன்று.

“அண்ணா, ரெட் வாட்டில்டு. கூடு இருக்கும்போல. கிட்டப் போலாமா?”

எங்கே இருக்கும் என்று தரையைப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வந்த காலடியிலேயே கால் வைத்து இருவரும் பின்னால் நடந்தோம். இருபது அடி, முப்பது அடி, ஐம்பது அடி. கரை மேல் ஏறி நாவல் மரத்தடிக்குப் போகும்வரை அது கத்திக்கொண்டே இருந்தது. நின்றதும் மணியைப் பார்த்தேன். ஆறு நாற்பது. பையன் லென்ஸ் மூடியைக் கழற்றி, அங்கிருந்தே ஒரு படம் எடுத்துக் காட்டினான். நிறையச் சேறு, கொஞ்சம் தண்ணீர், மூலையில் பட்டாணி அளவு ஒரு பறவை.

“ஒண்ணுமே தெரியலண்ணா.”

“எறங்கிடுச்சா?”

பெரிதாக்கிப் பார்த்தான். “உக்காந்துடுச்சு.”